ஒளியை அளந்த வரலாறு

பத்து பாகாட் என்னும் மலாய்ப் பெயருக்கு உளியால் செதுக்கிய கல் என்பது பொருள். உளி கல்லில் செய்வதை ஒளி தாளில் செய்கிறது எனலாம். உளி ஆழப் பட்டால் கல் சிதையும். மேலாகப் பட்டால் எழுத்து நில்லாது. ஒளியும் அத்தகையதே. மிகுந்தால் படம் வெளுக்கும், குறைந்தால் இருளும். இந்த அளவை மனிதன் எவ்வாறு அறிந்தான் என்பதும், கதிரவன் புகாத இடத்திற்கு ஒளியை எவ்வாறு கொண்டு சென்றான் என்பதும் சுவைமிக்க வரலாறாகும். அவ்வரலாற்றின் சிறந்த அதிகாரமொன்று தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது.

மண்டபத்து இருள்

1856ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயக் கேப்டனைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1858ஆம் ஆண்டில் அவர் திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமாக்கினார். மெழுகூட்டி வெள்ளியுப்பு ஏற்றிய தாளே அவருடைய நெகடிவ். அத்தாளில் படம் மிக மெதுவாகவே பதியும். மதுரைப் புதுமண்டபத்தின் தூண்களுக்கிடையே பாய்ந்த ஒளியைத் தவிர அவருக்கு வேறு விளக்கில்லை. ஒளியை அளக்கக் கருவியுமில்லை. கண்ணும் அனுபவமுமே அவருடைய அளவுகோல்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். ஒரு படம் வெளுத்து அடுத்தது கறுத்திருந்தால் அச்சுருள் ஒட்டுத் துணிபோல் காணும். 21 படங்களிலும் ஒளியளவு இணங்கி வரச் செய்தது எளிய செயலன்று. எனினும், 1859ஆம் ஆண்டில் ஆளுநராக வந்த டிரெவெலியன், செலவு மிகுதியெனக் கருதி இப்பணியை நிறுத்தினார்.

கையில் ஏந்திய மின்னல்

டிரைப் மண்டபத்தில் காத்து நின்ற சில ஆண்டுகளிலேயே இருளுக்கு மருந்து கிடைத்தது. 1864ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆல்பிரட் பிரதர்ஸ் என்பார் மக்னீசியக் கம்பியை எரித்துச் சுரங்கத்தினுள் படமெடுத்தார். மறு ஆண்டில் வானநூல் அறிஞர் பியாசி ஸ்மித் எகிப்தியப் பிரமிடின் உட்புறத்தை அவ்வொளியால் படமாக்கினார்.

1887ஆம் ஆண்டில் ஜெர்மானியர்களாகிய மீத்தேயும் கெடிக்கேயும் மக்னீசியத் தூளுடன் வெடியுப்பு வகைகளைக் கலந்து, கண்ணிமைக்குமுன் எரியும் தூளை உருவாக்கினர். இதைக் கொண்டே ஜேக்கப் ரீஸ் நியூயார்க் ஏழைகளின் இருண்ட குடியிருப்புகளை வெளியுலகிற்குக் காட்டினார். ஆனால் அத்தூள் புகையைக் கக்கும். சில வேளைகளில் கையையும் சுடும். 1929ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தோன்றிய கண்ணாடிக் குமிழ் இவ்வாபத்தை நீக்கிற்று. அதன்பின் வந்த மின்னணுப் பிளாஷ், குமிழை மாற்றும் வேலையையும் ஒழித்தது.

கண்ணை ஏய்க்கும் வெள்ளைச் சட்டை

ஒளிக்கும் பதிவுக்கும் உள்ள தொடர்பை 1890ஆம் ஆண்டில் ஹர்ட்டர், டிரிபீல்ட் என்னும் இருவர் கணக்காக்கினர். 1932ஆம் ஆண்டில் வெஸ்டன் நிறுவனத்தின் ஒளிமானி விற்பனைக்கு வந்தது. ஆயினும் மானி பகுத்தறிவற்றது. எதிரில் உள்ளதனைத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே அது எண்ணும். வெள்ளைச் சட்டை அணிந்த மாணவர்களை வெளிறிய வானத்தின் முன் நிறுத்தினால், ஒளி மிகுதியென்று மானி மயங்கும். சட்டை அழகாக விழும். கறுத்த முகமோ மேலும் கறுத்துக் கண்ணும் மூக்கும் மறையும். முகத்தருகே சென்று அளப்பதே இதற்குப் பரிகாரம்.

பிளாஷுக்கும் ஒரு விதியுண்டு. தொலைவு இரு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகும். ஐந்தடியில் முன்வரிசையும் பத்தடியில் பின்வரிசையும் நின்றால், பின்வரிசைக்குக் கால்பங்கு ஒளியே கிட்டும். குமிழ்ப் பெட்டியில் அச்சிட்ட வழிகாட்டி எண்ணைத் தொலைவால் வகுத்துத் துவார அளவைக் காண்பது முன்னாள் வழக்கம். எண் 110, தொலைவு 10 அடி எனில் துவாரம் 11. இன்று இக்கணக்கு கைப்பேசிக்குள் மறைந்து கிடக்கிறது.

முகமே சான்று

மலாயாவில் இக்கலை 1948ஆம் ஆண்டில் ஒவ்வொரு வீட்டு வாசலையும் தொட்டது. அவசரகாலச் சட்டத்தின்கீழ் 12 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை பெறவேண்டியதாயிற்று. பால்மரம் வெட்டிய தொழிலாளர் பலருக்கு அதுவே வாழ்நாளின் முதற்படமாக இருந்திருக்கக்கூடும். கண்காணிப்புக்காக எடுத்த படமே, பின்னாளில் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனின் ஒரே முகமாயிற்று. தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் சிதறிய பிறகு அச்சிறு படத்தின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

ஆகவே எஞ்சியிருப்பனவற்றைக் காப்பது கடன். பழைய பள்ளிப் படங்களை நகலெடுத்து, நிற்போர் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்தல் வேண்டும். மங்கி வரும் கல்லறை எழுத்துகளைப் பதிவு செய்வோர் நேரே பிளாஷ் அடித்தல் ஆகாது. நேரொளி பள்ளத்தை நிரப்பி எழுத்தை விழுங்கிவிடும். காலை இளவெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வேளையில் எடுத்தால், ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். கல்லில் செதுக்கிய பெயரைப் படிக்கத் தருவது ஒளி மட்டுமன்று. அதனருகே அளவோடு நிற்கும் நிழலுமேயாம்.