கொடிகாமத்துத் தட்டிவான்: மேனாட்டு இயந்திரமும் ஊர்த் தச்சும்

மோட்டார் வாகனம் மேனாட்டிற் பிறந்ததாயினும், அது சென்று சேர்ந்த மண் ஒவ்வொன்றும் தன் தேவைக்கேற்ப அதன் உருவை மாற்றியே ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் இம்மாற்றம் பெரும்பாலும் அழகையும் வேகத்தையும் நாடிற்று. வாங்குவோர் விருப்பப்படி குரோமியப் பட்டிகளும் இருநிறப் பூச்சும் சேர்க்கப்பட்டன. பென்சில்வேனியா மாநிலத்துக் கனொன்ஸ்பேர்க் நகரில் டொன் யெங்கோ என்னும் விற்பனை முகவர், 1967 இல் செவ்ரலே கமரோ கார்களிலிருந்த இயந்திரத்தை அகற்றி, ஏழு லீற்றர் கொள்ளளவுடைய பெரிய இயந்திரத்தைப் பொருத்தி விற்றமை இதற்குத் தக்க சான்றாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதே கலை வேறொரு நோக்குடன் வளர்ந்தது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான் அதன் சிறந்த விளைவாகும்.

போர்ட், செவ்ரலே முதலிய நிறுவனங்கள் பார வாகனங்களை மேற்கூடின்றியும் விற்றன. அடிச்சட்டம், சில்லுகள், இயந்திரம், முன்முகம் ஆகியன மட்டும் வாங்குவோரைச் சேரும். எஞ்சியதை உள்ளூர்த் தச்சர் அமைப்பர். தட்டிவானும் இம்முறையில் எழுந்ததே. பிறநாட்டு அடிச்சட்டத்தின்மீது மரக்கூடு அமைந்தது. அதன் பக்கங்கள் திறந்திருந்தன. உள்ளே பலகை இருக்கைகள் இருந்தன. பின்புறத்தே சங்கிலி தாங்க விரியும் தட்டியில் மூட்டைகள் ஏறின. இத்தட்டியே வாகனத்துக்குப் பெயர் தந்தது என்பர்.

இவ்வமைப்பின் காரணத்தைக் கொடிகாமத்தின் இருப்பிடமே விளக்கும். கண்டி வீதியும், 1905 இல் யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் இணைத்த புகையிரதப் பாதையும், வரணியூடாக வடமராட்சிக்குச் செல்லும் வீதியும் இங்கு கூடுகின்றன. தென்மராட்சியின் தேங்காய், மாம்பழம், பலாப்பழம் என்பன இச்சந்தையில் குவியும். வடமராட்சிக் கடற்கரையின் மீன் எதிர்த்திசையில் வரும். பண்டத்தையும் அதற்குரியவரையும் ஒருங்கே ஏற்றும் வாகனமே இத்தகைய சந்தைக்கு வேண்டியிருந்தது. 1958 சனவரி 1 இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றித் தனியார் பஸ் சேவைகள் அரசுடைமையான பின்னரும் இத்தேவை மறையவில்லை. எனவே தட்டிவானும் மறையவில்லை.

1990 இல் வடபகுதிமீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது, வாகனங்களை மாற்றியமைக்கும் இக்கலை உயிர்வாழ்வுக்கே துணையாயிற்று. பெற்றோல் கிடைத்தற்கரிதாகவே, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் சில துளி பெற்றோலால் இயக்கிவைக்கப்பட்டு, பின் மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களாதலின் அவை தரங்குறைந்த எரிபொருளையும் ஏற்றன. புதியனவற்றிற் பல முடங்கிக் கிடக்க, பழையனவே நோயாளரையும் பொருளையும் சுமந்தன.

யெங்கோ மாற்றியமைத்த கார்கள் இன்று பெருவிலைக்கு ஏலம் போகின்றன. தட்டிவான்களோ அருகிவிட்டன. அடிச்சட்டத்தில் தொழிற்சாலையின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. மரக்கூட்டைச் செய்தவரின் பெயரோ ஊரவர் நினைவிலேயே தங்கியது. அந்நினைவுடையோர் வாழும்போதே அதனைக் கேட்டெழுதுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.