குடிவரலாறும் திரைப்படச் சான்றும்

பழனியினின்று கொடைக்கானலுக்கு ஏறும் மலைவழியில் அமைந்த சிற்றூர் வடகவுஞ்சி. மேல்மலையில் கவுஞ்சி என்னும் பெயரால் மற்றோர் ஊரும் உண்டு. ஒரே பெயர் ஈரூர்க்கு அமைந்தமை குடிப்பெயர்ச்சியாலா, நிலத்தின் இயல்பாலா என்னும் வினா ஊர்ப்பெயர் ஆராய்வார்க்கு உடனே எழும். அதற்கு விடை கூறத்தக்க சான்று கல்வெட்டுகளினும் குடும்பங்களின் நினைவிலேயே மிகுதியும் தங்கியிருத்தல் கூடும்.

பழனிமலைக்கு எழுத்துச் சான்றே இல்லை என்பது பொருந்தாது. தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்பதுக்கைகளைப் பற்றி ஆங்கிலேடு, நியூட்டன் என்னும் இயேசு சபைத் துறவியர் எழுதிய நூல் 1928இல் வெளிவந்தது. பளியரைப் பற்றி டாமென் என்பார் 1908இல் எழுதினார். குன்னுவர் கோயம்புத்தூர்ச் சமவெளியினின்று மலையேறி வந்தவர் என்னும் செவிவழிச் செய்தியை 1906ஆம் ஆண்டு மதுரை மாவட்ட விவரத் தொகுதி குறிக்கின்றது. தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளும் இம்மலைக் குடிகளைப் பேசுகின்றன. இவை யாவும் குலத்தைப் பேசுவன; குடும்பத்தைப் பேசா. எந்தப் பஞ்சத்தில் எந்தப் பாட்டி எவ்விதையை மடியிற் கட்டிக்கொண்டு ஏறினாள் என்பதை அறிய அரசு அலுவலர்க்கும் துறவியர்க்கும் தேவை இருந்ததில்லை. அச்செய்தி அவ்வீட்டார் வாய்மொழியில் வாழ்ந்து, அவ்வாய் மூடுங்கால் உடன் மறைகின்றது.

இங்ஙனம் மறைவதைத் தடுக்கும் கருவிகளுள் ஒன்றாகத் தனிமுயற்சித் திரைப்படத்தைக் கொள்ளலாகுமா, கொள்ளின் வரலாற்று மாணவர் அதனை எங்ஙனம் ஆளவேண்டும் என்பனவே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள்.

இவ்வினாவைக் கூர்மையாக எதிர்கொண்டவருள் கசாக்கு மக்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கார். தந்தை வழியில் ஏழு முன்னோரின் பெயரை ஒவ்வொருவனும் மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவர் மரபு. அவ்வேழு தலைமுறைக்குள் மணவுறவும் விலக்கப்பட்டது. நம் கொங்கு நாட்டுக் கூட்டப் பெயர்களை நினைவார்க்கு இது விளங்காததன்று. மேய்ச்சல் வாழ்வினராகிய அம்மக்களின் மந்தைகளைச் சோவியத் அரசு கைக்கொண்டு கூட்டுப்பண்ணை முறையைப் புகுத்தியதன் விளைவாக 1930 முதல் 1933 வரை நேர்ந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் மாண்டனர். அதனை வெளிப்படையாகப் பேசுதல் பல்லாண்டு இயலாதிருந்தது. பெயர்வரிசை நாவில் நின்றது. அப்பெயரினர் எவ்வாறு இறந்தனர் என்பது நாவினின்று நீங்கியது. கசாக்கசுத்தான் 1991இல் தனிநாடாகிய பின்னரே ஆவணங்களும் முதியோர் நினைவுகளும் தடையின்றி வெளிவரலாயின. மரீனா குனரோவா 2020இல் அளித்த, பெரும்புல்வெளியின் அழுகை எனப் பொருள்படும் பெயரினதாகிய படம் அப்பஞ்சத்தையே பொருளாகக் கொண்டது. நினைவு என்பது பெயர்ப்பட்டியல் மட்டும் அன்று என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

நம் நாட்டில் பழனிமலைக்கு அணித்தான சான்று லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). தேனி மாவட்டத்து அடிவாரத்தினின்று ஏலத் தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் சுமைத் தொழிலாளி ஒருவன் ஒரு துண்டு நிலம் வாங்க முயல்வதே கதை. நடிகர் விஜய் சேதுபதி பொருள் முதலீடு செய்தாரேனும் தாம் அதில் நடித்திலர்; அவ்வட்டாரத்து மக்கள் பலரே அதில் தோன்றுகின்றனர். தேனி ஈசுவரின் ஒளிப்பதிவில் வரலாற்று மாணவர்க்குக் கதையினும் பெருமதிப்புடையன உள: மூட்டையை ஏற்றும் முறை, ஏற்றத்தில் மூச்சு வாங்க நிற்கும் இடைவெளி, இறக்கத்தில் அடி பதியும் விதம், மலைவழிப் பேச்சின் இழுவை. ஏலமூட்டை சரிந்து பள்ளத்தில் உருளும்பொழுது ஒருவன் வாழ்நாட் சேமிப்பு எத்துணை விரைவில் அழியும் என்பது கண்ணுக்குப் புலனாகின்றது. கூலிக் கணக்கேடு இதனைக் காட்டாது. ஆயினும் இது புனைகதையே. இதனைக் கொண்டு எந்த ஆண்டில் எந்தக் கூலி என்று கூறத் துணிதல் தவறாகும்.

மலையினின்று இறங்கி, மதுரைக்குக் கிழக்கேயுள்ள வறண்ட நிலத்திற்கு வருவோம். குடும்ப வரலாறு நேரே திரையாகிய சான்று ஆண்டு உளது. பி. எசு. வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்', 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருதினைப் பெற்றது. கணவனால் வெளியேற்றப்பட்ட தம் உடன்பிறந்தாள் கைக்குழந்தையுடன் நெடுந்தொலைவு நடந்தே தாய்வீடு வந்த நிகழ்ச்சியே இதற்கு வித்து என்பதை இயக்குநரே கூறியுள்ளார். படம் எடுக்கப்பட்ட இடம் அரிட்டாபட்டிப் பகுதி. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டால் நாம் நன்கறிந்த ஊர் அது. குகையளித்தோன் பெயர் ஈராயிரம் ஆண்டாகப் பாறையில் நிற்கின்றது. அப்பாறையின் அடியில் வெயிலில் நடக்கும் பெண்டிரின் பெயரை எப்பாறையும் தாங்கவில்லை.

ஆயின் திரையில் நடப்போர் யார்? குடித்து வெகுண்ட தந்தையும் அவன் சிறுமகனுமே. நடந்தவளாகிய பெண்ணின் நிலையிலுள்ள தாயோ பெரும்பாலும் திரைக்கு அப்பாலே நிற்கின்றாள். நினைவு கலையாகுங்கால் நேரும் இம்மாற்றத்தை ஆராய்ச்சியாளர் குறித்துக்கொள்ளல் வேண்டும். கல்வெட்டின் மெய்க்கீர்த்தியை அவ்வாறே கொள்ளாது எடைபோடும் நாம், படத்தையும் அவ்வாறே எடைபோடுதல் முறையன்றோ? மாற்றம் குறையே என்பது எம் கருத்தன்று. துன்புற்றவளைக் காட்டாது துன்புறுத்தும் நடையைக் காட்டியமையால், அந்நடை ஒருத்திக்கு மட்டும் உரியதன்று என்பது பெறப்படுகின்றது. நீர் வேட்கையைத் தணிக்கச் சிறுவன் வாயில் இட்ட கூழாங்கல்லை வீட்டில் முன்னரே குவிந்துள்ள கற்களோடு சேர்க்கும் காட்சி இதனை உறுதிப்படுத்தும். அக்குவியல் அச்சிறுவன் எழுதிய நாட்குறிப்பு; எத்துணை முறை இவ்வழி நடந்தான் என்பதை எண்ணிக் கூறலாம்.

இத்தகைய படங்கள் நிலைத்து நிற்குமா என்பதே எமக்குள்ள பெருங்கவலை. நடராச முதலியாரின் 'கீசகவதம்' இன்று இல்லை. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படச்சுருளும் இல்லை. ஏ. கே. செட்டியார் உலகெங்கும் அலைந்து, பலர் எடுத்த படச்சுருள்களை ஏறத்தாழ 50,000 அடி அளவிற்குத் திரட்டி, 1940இல் வெளியிட்ட காந்தியடிகள் படத்தின் தமிழ் மூலமும் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. பிற்காலத்து ஆங்கிலச் சுருக்கமே எஞ்சியது. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தோன்றியது 1964இல்தான். அதற்கு முன் அழிந்தவற்றை எண்ணின் மனம் வருந்தும். இன்றைய எண்மப் பதிவுகள் தீக்கு அஞ்சவேண்டா எனினும், பழுதுற்ற ஒரு வட்டு ஒரு குடியின் நினைவு முழுவதையும் கொண்டுபோகும்.

அன்றியும், வெளிவந்த படத்தினும் வெட்டி நீக்கப்பட்ட பகுதியே வரலாற்றுக்குப் பெரிதும் பயன்படும். ஒன்றரை மணி நேரப் படத்திற்காகப் பல நாள் எடுத்த பதிவுகளில் முதியோர் தடுமாறி நினைவுகூரும் இடங்கள், இருவர் மறுத்துரைக்கும் இடங்கள், வினவியவர் குரல் ஆகிய யாவும் அடங்கும். கதையின் கட்டுக்கோப்பிற்குப் பொருந்தா என்று நீக்கப்படுவனவும் அவையே. நூற்பதிப்பிற் பாடவேறுபாடுகளைப் போற்றும் தமிழ்த்துறை, இவ்வேறுபாடுகளைப் போற்றாதொழிதல் வியப்பே.

இப்பொழுது மலையூர் மாணவர் பலர் கைப்பேசியிலேயே படம் எடுக்க வல்லர். அவர்தம் பாட்டன் பாட்டியரை வினவி எடுக்கும் பதிவைப் பட்டப்பேற்றிற்குரிய களப்பணியாக ஏற்றல் கூடும். வடகவுஞ்சியில் இம்முயற்சி தொடங்குமாயின், ஊர்ப்பெயரின் காரணத்தை வினவுதற்கு முன், எவ்வழியாக ஏறி வந்தீர், அன்று தலையிலும் இடுப்பிலும் என்ன இருந்தன என்று வினவுதல் நன்று. பதிவொன்றுக்குப் பேசியவர், வினவியவர், உறவுமுறை, நாள், இடம் ஆகியன எழுத்தில் இணைக்கப்படல் வேண்டும். ஒரு படி துறையிலும் ஒரு படி அவ்வீட்டிலும் இருக்க, வெளியிடற்க என்று வீட்டார் விலக்கும் பகுதி அவர் இசையுங்காறும் மூடியே வைக்கப்படல் வேண்டும்.