வகுப்பை நடத்தவிடாத மாணவர்: ஆசிரியர் என்ன செய்யலாம், பெற்றோர் என்ன கேட்கலாம்?

ஒருவர் நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் இருப்பவரின் அழிப்பானைப் பிடுங்குகிறார். ஆசிரியர் வெண்பலகைப் பக்கம் திரும்பினால் விநோதமாகச் சத்தம் போடுகிறார். வகுப்பே சிரிக்கிறது.

ஆசிரியர் அவரைக் கவனித்தால் மற்றவர்களின் பாடம் நிற்கிறது. கவனிக்காமல் விட்டால் ஒருவர் ஐவர் ஆகிறார்கள்.

சிங்கப்பூரில் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் சுமார் 30 பிள்ளைகள் இருப்பார்கள். அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 40 பேர் வரை இருக்கலாம். சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளில்தான் படிக்கின்றனர். ஆக, இது எங்கோ ஒரு பள்ளியில் எப்போதோ நடக்கும் விஷயம் அல்ல. உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் நடக்கக்கூடும். அந்தப் பிள்ளை உங்கள் பிள்ளையாகவும் இருக்கக்கூடும்.

"அந்தக் காலத்துல ரெண்டு போட்டா சரியாயிடும்" என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். சரி, இந்தக் காலத்தில் என்னதான் வழி?

எல்லா இடையூறும் ஒன்றா?

இல்லை. பெரும்பாலானவை சின்னச் சின்ன இடையூறுகள்: பேசுவது, இடத்தை விட்டு எழுவது, கையை உயர்த்தாமல் பதிலைக் கத்துவது, தாமதமாக வருவது. பொருளை வீசுவது, அடிப்பது, வகுப்பைவிட்டு ஓடுவது ஆகியவை அரிது.

ஆனால் ஆசிரியரைக் களைப்படையச் செய்வது முதல் வகைதான். ஒரு நாளில் நாற்பது முறை "உட்காருங்க" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். இரண்டு வகைக்கும் ஒரே மருந்து கொடுத்தால் இரண்டுமே கெடும்.

முதல் 30 விநாடி

கட்டொழுங்கு என்றால் தவறு நடந்த பிறகு என்ன செய்வது என்றே நாம் யோசிக்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். நன்றாக வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும் தடுமாறும் ஆசிரியர்களும் தவறு நடந்த பிறகு எடுக்கும் நடவடிக்கையில் அதிக வேறுபாடு இல்லை என்பது அவர் கண்டது. வேறுபாடு அதற்கு முன்பே இருந்தது. நல்ல ஆசிரியருக்கு முதுகிலும் கண் உண்டு என்று மாணவர்கள் நம்பினார்கள். பாடம் தொய்வில்லாமல் நகர்ந்தது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும்போது வெற்று நேரம் இல்லை.

அந்த வெற்று நேரம்தான் ஆபத்து. புத்தகத்தை எடுப்பது, தாளைக் கொடுப்பது, கணினியை இணைப்பது, வேறு அறைக்கு நடப்பது... குறும்பு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. அதனால் அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஆண்டின் முதல் இரண்டு வாரத்தில் பாடத்தைக்கூட மெதுவாக்கிவிட்டு, எப்படி உள்ளே வருவது, தாளை எங்கே வைப்பது என்று பழக்கிவிடுவார்கள். பார்ப்பவருக்கு நேர விரயம்போல் தெரியும். மார்ச் மாதத்தில்தான் அதன் பலன் புரியும்.

அப்படியும் ஒருவர் தொடங்கிவிட்டார் என்றால்?

சிறியதிலிருந்து பெரியதற்குப் போவதுதான் முறை. பாடத்தை நிறுத்தாமல் அந்த மேசைப் பக்கம் நடந்துபோய் நிற்பது. ஒரு பார்வை. மேசையில் விரலால் ஒரு தட்டு. பிறகு காதோடு, பெயரைச் சொல்லி, ஒரே வரி: "மூணாவது கேள்வியைத் தொடங்குங்க, ரெண்டு நிமிஷத்துல வந்து பார்க்கிறேன்." சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஏன் தெரியுமா? மேலே நின்று முறைத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பிள்ளை பணிவது தோற்பதாகிவிடும். 38 பேர் பார்க்கும்போது எந்தப் பதின்ம வயதினரும் தோற்க விரும்பமாட்டார்.

"செய்யாதே" என்பதைவிட என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது வேலை செய்யும். "ஓடாதே" என்றால் பிள்ளையின் காதில் விழுவது "ஓடு" மட்டும்தான் என்று ஆசிரியர்கள் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

"ஏன்டா இப்படிச் செய்ற?" என்பது தவறான கேள்வி

கேள்வி சரிதான், கேட்கப்படும் ஆள்தான் தவறு. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதில் தெரியாது. ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நடத்தையை ஆராய்பவர்கள் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்வார்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு பிள்ளைக்கு என்ன கிடைத்தது. பொதுவாகக் கிடைப்பவை நான்கு. மற்றவர்களின் கவனம். வேண்டிய ஒரு பொருள். பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிப்பு. அல்லது உடலுக்குத் தேவைப்படும் ஓர் உணர்வு (காலை ஆட்டுவது, எதையாவது கடிப்பது போல).

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தொடக்கநிலை 4இல் ஒரு மாணவர் கணிதப் பாடத்தில் மட்டும் ரகளை செய்கிறார். ஆசிரியர் அவரை வெளியே நிற்கச் சொல்கிறார். அடுத்த நாளும் ரகளை, அடுத்த நாளும் வெளியே. ஆசிரியருக்கு அது தண்டனை. மாணவருக்கு அது விடுதலை! வார்த்தைக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத தவிப்பிலிருந்து தப்பிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். நாம்தான் கதவைத் திறந்துவிட்டோம்.

இங்கே தேவைப்படுவது கணிதத்தில் உதவி. ஒருவேளை வாசிப்பில் உதவி. இரண்டு வாரம் குறித்துவைத்தால்தான் அது தெரியும். நேரம், பாடம், யார் பக்கத்தில் இருந்தார், பிறகு என்ன நடந்தது என்று நான்கு பத்தியில் ஒரு தாள் போதும்.

கவனத்துக்காகச் செய்யும் பிள்ளைக்குத் திட்டுகூடப் பரிசுதான். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டு, சரியாகச் செய்யும் நொடியில் பாராட்டுவது ஒரு வழி. ஓர் எச்சரிக்கை: கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கியதும் முதல் சில நாள் ரகளை கூடும். பயந்துபோய் அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், இன்னும் சத்தமாகக் கத்தினால் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும். அடிதடி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது போன்றவற்றில் இந்த முறையைப் பயன்படுத்தவே கூடாது.

நாற்காலி பறக்கும் நாள்

உணர்ச்சி உச்சத்துக்குப் போன பிள்ளைக்கு அறிவுரை காதில் விழாது. அந்த நேரத்தில் பேச்சைக் குறைக்க வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், பார்வையாளர்களை அகற்ற வேண்டும். பல நேரங்களில் அந்தப் பிள்ளையை இழுத்து வெளியேற்றுவதைவிட மற்ற 30 பேரை வரிசையாக வெளியே அழைத்துப் போவது பாதுகாப்பானது. இன்னோர் ஆசிரியருக்குத் தகவல் அனுப்ப ஒரு மாணவரை முன்கூட்டியே பழக்கி வைத்திருப்பார்கள்.

"என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்யலாம்" என்ற பேச்சு பிறகுதான். பிறகு என்றால் ஐந்து நிமிடம் கழித்து அல்ல. பிள்ளை தண்ணீர் குடித்து, மூச்சு சீராகி, தானாகப் பேசத் தொடங்கிய பிறகு.

பிரம்படி: சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே குழப்பம் நிறைய. வகுப்பு ஆசிரியருக்குப் பிரம்படி கொடுக்கும் அதிகாரம் கிடையாது. பள்ளி முதல்வரோ அவர் அதிகாரம் அளித்தவரோ மட்டுமே கொடுக்கலாம். மாணவிகளுக்குப் பிரம்படி கொடுக்க விதிமுறைகள் இடம் தரவில்லை. மாணவர்களுக்கு உள்ளங்கையிலோ உடைக்கு மேல் புட்டத்திலோ, மெல்லிய பிரம்பால் மட்டுமே கொடுக்கலாம். கடுமையான குற்றங்களுக்குக் கடைசி வழியாகவே அது பயன்படுத்தப்படும் என்பது கல்வி அமைச்சின் நிலைப்பாடு.

பள்ளி முடிந்தும் தடுத்துவைப்பது, தற்காலிகமாக நீக்குவது போன்ற மற்றத் தண்டனைகளும் உண்டு. நமக்குத் தோன்றுவது இதுதான்: தற்காலிக நீக்கத்தில் முக்கியமான நாள், மாணவர் திரும்பி வரும் நாள். யார் வாசலில் வரவேற்கிறார், விட்டுப்போன பாடத்தை யார் சொல்லித் தருகிறார், அடிபட்ட சக மாணவரை எப்படிச் சந்திக்கிறார் என்பதெல்லாம் திட்டமிடப்படாவிட்டால் அந்த மூன்று நாள் வெறும் விடுமுறை.

(மாமா கடையில் வண்ணக் கைப்பிடியோடு தொங்கும் பிரம்பு பற்றி இங்கே பேசவில்லை. அது தனிக் கட்டுரை.)

சில சண்டைகளை விதியே தவிர்த்துவிடும். 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியைப் பயன்படுத்த அனுமதி இல்லை. "ஃபோனைக் கொடு", "கொடுக்கமாட்டேன்" என்ற இழுபறியை ஒவ்வோர் ஆசிரியரும் தனியாக நடத்தவேண்டிய நிலை இதனால் குறையும்.

ஆசிரியருக்குத் துணை யார்?

ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசகர் உண்டு. சிறப்புக் கல்வித் தேவைக்கான அதிகாரிகளும் இருக்கிறார்கள். முன்பு இவர்களைத் துணைக் கல்வியாளர்கள் என்று அழைத்தார்கள். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, ஆட்டிசம், டிஸ்லெக்சியா போன்றவை உள்ள மாணவர்களுடன் இவர்கள் தனியாகவோ சிறு குழுவாகவோ வேலை செய்வார்கள். சில நேரம் வகுப்பிலேயே பக்கத்தில் அமர்ந்து உதவுவார்கள்.

தொடக்கநிலை 1 மாணவர்களுக்கு டிரான்சிட் என்ற திட்டம் உள்ளது. வரிசையில் காத்திருப்பது, கோபத்தைச் சொல்லால் வெளிப்படுத்துவது, பொருள்களை ஒழுங்காக வைப்பது போன்ற திறன்களை அது பழக்கும். எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் 2026க்குள் விரிவுபடுத்துவது இலக்கு. ஏழு வயதில் இதைக் கற்றுக்கொடுப்பது பதினான்கு வயதில் கற்றுக்கொடுப்பதைவிட எவ்வளவோ எளிது.

மனநலம் சார்ந்த கவலை என்றால் பள்ளி ஆலோசகர் மனநலக் கழகத்தின் ரீச் குழுவை நாடலாம். சிறுவர்களுக்கான அதன் மருந்தகம் 6 முதல் 18 வயது வரை உள்ளோரைப் பார்க்கிறது.

தமிழ் வகுப்பில் மட்டும் ஏன்?

"மத்த டீச்சர்கிட்ட நல்லாத்தான் இருக்கான், தமிழ் வகுப்புலதான் இப்படி" என்று சில பெற்றோருக்குச் செய்தி வரும். அதற்குக் காரணங்கள் உண்டு.

தாய்மொழிப் பாடத்துக்குப் பல வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறையில் சேர்கிறார்கள். நடந்து வரவேண்டும், புதிய இருக்கை, அதுவரை பார்க்காத நண்பர்கள். முன்பு சொன்ன அந்த வெற்று நேரம்! தமிழ் கற்பிக்கப்படாத உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நாள் முழுதும் படித்துவிட்டுப் பிற்பகலில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்துக்கு வருகிறார்கள். பசி, களைப்பு. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்குப் பக்கம் புரண்டாலே பயம். புரியவில்லை என்று சொல்வதைவிடக் கோமாளித்தனம் செய்வது கௌரவமாகத் தோன்றும்.

இன்னொன்று: வகுப்பாசிரியரிடம் பிள்ளைக்கான திட்டம் இருக்கும். முன்வரிசையில் உட்காரவேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கலாம் என்பதுபோல. அது தமிழ் ஆசிரியருக்குப் போய்ச்சேர்ந்ததா? பெற்றோர் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி இது.

2024 முதல் உயர்நிலை 1இல் முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்தல் நடப்பில் இருப்பதால், மற்றப் பாடங்களுக்கும் மாணவர்கள் இடம் மாறிப் படிக்கிறார்கள். ஒரே பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இன்னும் அவசியமாகிவிட்டது.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால்

முதல் எண்ணம் "என் பிள்ளையா? இருக்காது" அல்லது "வீட்டுக்கு வரட்டும், பார்த்துக்கிறேன்." இரண்டுமே ஆசிரியருக்கு உதவாது.

பதிலாகக் கேளுங்கள்: எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில்? அதற்கு முன் என்ன நடந்தது? எப்போது இப்படி நடப்பதில்லை? பள்ளி என்ன செய்து பார்த்தது? வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று நீங்களும் சொல்லுங்கள். தூக்கம், புதிய குழந்தை, வேலை இழப்பு, தாத்தாவின் மறைவு எதுவாக இருந்தாலும். குடும்ப விஷயத்தை வெளியே சொல்ல நம்மவர்களுக்குத் தயக்கம் அதிகம். விவரம் வேண்டாம், "வீட்டில் கொஞ்சம் சிரமமான நேரம்" என்ற ஒரு வரி போதும். ஆசிரியர் பிள்ளையைப் பார்க்கும் கண்ணே மாறும்.

பரிசோதனைக்குப் பரிந்துரைத்தால் முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம் வரும். நியாயமான பயம்தான். ஆனால் பரிசோதனை செய்யாத பிள்ளைக்கும் வகுப்பில் ஒரு முத்திரை ஏற்கெனவே இருக்கிறது: "சேட்டைக்காரன்". அதற்கு எந்த உதவியும் கூட வராது.

இரவு பத்து மணிக்கு ஆசிரியருக்கு வாட்ஸ்அப் அனுப்பவேண்டாம். ஆசிரியர்கள் சொந்தக் கைத்தொலைபேசி எண்ணைக் கொடுக்கவேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்குப் பிறகு பதிலளிக்கவேண்டியதும் இல்லை என்று 2024 செப்டம்பரில் கல்வி அமைச்சு வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

ரகளை செய்வது பக்கத்துப் பிள்ளை என்றால்?

இதுதான் அதிகம் பேசப்படாத பக்கம். உங்கள் மகள் தினமும் வந்து "இன்னிக்கும் பாடம் நடக்கல" என்கிறாள். கோபம் வரும். வரவேண்டும். அவளுடைய பாடமும் பாதுகாப்பும் யாருக்கும் குறைந்தவை அல்ல.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை, என்ன தண்டனை என்று பள்ளியிடம் கேட்டால் பதில் வராது. ஒரு மாணவரின் விவரத்தை இன்னொரு பெற்றோரிடம் சொல்லமாட்டார்கள். உங்கள் பிள்ளை பற்றிக் கேட்டால் பதில் கிடைக்கும்: இருக்கையை மாற்ற முடியுமா, விட்டுப்போன பாடத்தை எப்படி ஈடுகட்டுவது, பயமாக இருந்தால் அவள் யாரிடம் போகலாம், அடுத்து எப்போது நாம் பேசலாம். அடிபட்டிருந்தால் தேதியோடு எழுதி அனுப்புங்கள். வாய்வழிச் சொன்னது மறந்துபோகும்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பிள்ளையின் பெயரைப் போடாதீர்கள். அந்தக் குழுவில் அவருடைய அம்மாவும் இருப்பார்.

பிள்ளை உங்களிடம் பேசத் தயங்கினால், தொடக்கப்பள்ளி வயதினருக்காகச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் நடத்தும் டிங்கல் ஃபிரண்ட் உதவி எண்ணை அழைக்கலாம்: 1800-2744-788.