84 பேரில் 10 பேர் – ஷெஃபீல்ட் நகரம் தன் கமிட்டிகளைத் திரும்ப வாங்கிய கதை



பி.காம் படிக்கிற ஒருத்தன் மாநகராட்சிக் கமிட்டிகளைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று எனக்கே சந்தேகம்தான். "நிலைக்குழு" என்ற சொல்லைக் கேட்டாலே பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். ஆனால் ஒரு ஊரில் இந்தக் கொட்டாவி விஷயத்துக்காகவே தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி, பொது வாக்கெடுப்பு நடத்தி, நகர சபையின் ஆட்சிமுறையையே மாற்றியிருக்கிறார்கள். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் கதையில் தவறாமல் வரும் ஊர் அது: இங்கிலாந்தின் ஷெஃபீல்ட். அந்த வாக்கெடுப்பு நடந்தது 2021இல். ஆனால் அதைப் புரிந்துகொள்ள 1835இலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கமிட்டி ஏன் வந்தது?

1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 178 நகரங்களில் வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கும் சபையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் பல ஊர்களில் ஒரு சின்னக் கும்பல் தன்னைத்தானே நியமித்துக்கொண்டு ஊர்ச் சொத்தை அனுபவித்துவந்தது. புதிய சபைகள் தங்கள் வேலையைக் கமிட்டிகளாகப் பிரித்துக்கொண்டன. போலீஸை நடத்த ஒரு காவல் கமிட்டி கட்டாயம் என்று சட்டமே சொன்னது. மற்ற கமிட்டிகள் அந்தந்த ஊரின் விருப்பம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கமிட்டி என்பது வெறும் ஆலோசனைக் கூட்டம் அல்ல. கவுன்சில் தன் அதிகாரத்தில் ஒரு துண்டை வெட்டி அதன் கையில் கொடுக்கிறது. சாக்கடை என்றால் இவர்கள், சந்தை என்றால் அவர்கள். எந்தத் துண்டு யார் கையில் என்பதுதான் அந்த ஊரின் அரசியல்.

பர்மிங்காம் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். 1873 முதல் 1876 வரை ஜோசப் சேம்பர்லின் அங்கே மேயராக இருந்தார். திருகாணித் தொழிலில் பணம் சம்பாதித்த வியாபாரி. ஊரிலிருந்த இரண்டு தனியார் கேஸ் கம்பெனிகளையும் 1875இல் நகர சபைக்கே வாங்கிக்கொடுத்தார். நடத்துவதற்கு ஒரு கேஸ் கமிட்டி. அதற்குத் தலைவர் அவரேதான். மறு ஆண்டு தண்ணீர்க் கம்பெனியும் சபையின் கைக்கு வந்தது. காமர்ஸ் மாணவனாக எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது: கேஸில் லாபம் எடுக்கலாம், அது ஊர் வளர்ச்சிக்குப் பயன்படும், தண்ணீரில் லாபம் கூடாது, அது ஆரோக்கியத்துக்கானது என்றார் அவர். இரண்டும் நகர சபையின் வியாபாரம்தான். ஆனால் நோக்கம் வேறு என்பதால் கணக்கும் வேறு. இன்றைய காஸ்ட் சென்டர், பிராஃபிட் சென்டர் பாடத்தை 1870களிலேயே நடத்திவிட்டார் மனிதர் :-)

பொறுப்பு பிளந்தால் என்ன ஆகும்?

போகப்போக கமிட்டிகள் பெருகின. 1902ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக் கமிட்டியைக் கட்டாயமாக்கியது. சுகாதாரம், ஏழைகள் நிவாரணம், வீட்டுவசதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு துறை, ஒரு கோட்டைச் சுவர்.

சுவர்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் என்ன ஆகும்? 1945 ஜனவரியில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் ஷ்ராப்ஷையரில் ஒரு பண்ணை வீட்டில் அடியாலும் பட்டினியாலும் செத்துப்போனான். வேல்ஸின் நியூபோர்ட் நகர சபையின் பாதுகாப்பில் இருந்தவன் அவன். வளர்ப்பதற்காக வேறு கவுன்டியில் விடப்பட்டிருந்தான். விட்டது ஒரு சபை, அவன் இருந்ததோ இன்னொரு சபையின் எல்லை. யார் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாக இல்லை. உண்மையில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

1946இல் வந்த கர்ட்டிஸ் குழுவின் அறிக்கை நாடு முழுக்க இருந்த நிலையைச் சொன்னது. ஆதரவற்ற குழந்தைகளின் பொறுப்பு ஏழைகள் நிவாரணம், கல்வி, சுகாதாரம் என்று பல குழுக்களிடையே சிதறிக் கிடந்தது. 1948ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் அதை ஒரே குழந்தைகள் கமிட்டியின் கீழ்க் கொண்டுவந்தது. அதற்கென்று தனி அதிகாரியையும் வைத்தது. 1970இல் அதையும் முதியோர், ஊனமுற்றோர் நலனையும் சேர்த்து சமூக சேவைக் கமிட்டி ஆக்கினார்கள்.

"கமிட்டியை மாற்றியமைப்பதில் என்ன இருக்கிறது, போர்டை மாற்றி மாட்டுகிற வேலைதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தச் சிறுவன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பு இல்லை என்றுதான் அர்த்தம்.

கமிட்டியா, கேபினட்டா?

1960களில் எதிர்ப்பக்கக் குரல் எழுந்தது. கமிட்டிகள் அதிகமாகிவிட்டன, ஒவ்வொன்றும் தன் துறையை மட்டுமே பார்க்கிறது, ஊரை முழுசாகப் பார்க்க ஆள் இல்லை என்று. 1967இல் மாட் குழு, 5 முதல் 9 உறுப்பினர்கள் கொண்ட ஒரு மேலாண்மைக் குழுவிடம் அதிகாரத்தைக் குவிக்கச் சொன்னது. கவுன்சிலர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1972இல் பெய்ன்ஸ் அறிக்கை நடுவழி ஒன்றைச் சொன்னது: கமிட்டிகளைக் குறையுங்கள், எல்லாவற்றையும் இணைக்கக் கொள்கை மற்றும் வளங்கள் கமிட்டி என்று ஒன்றை வையுங்கள், அதிகாரிகளுக்கு மேலே ஒரு தலைமை நிர்வாகியை வையுங்கள். பெரும்பாலான சபைகள் இதை ஏற்றன.

அதே 1972இன் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கவுன்சில் தன் அதிகாரத்தைக் கமிட்டிக்குக் கொடுக்கலாம், துணைக் கமிட்டிக்குக் கொடுக்கலாம், அதிகாரிக்குக் கொடுக்கலாம். தனி ஒரு கவுன்சிலருக்குக் கொடுக்க முடியாது. 1989இல் இன்னொரு விதி சேர்ந்தது: கட்சிகளுக்குச் சபையில் என்ன விகிதமோ, கமிட்டியிலும் அதே விகிதம். ஆக, முடிவு எடுக்கும் மேஜையில் எதிர்க்கட்சிக்காரனும் உட்கார்ந்திருப்பான்.

டோனி பிளேர் அரசு இதையெல்லாம் புரட்டிப் போட்டது. கமிட்டி முறை மெதுவானது, யார் முடிவெடுத்தார்கள் என்றே மக்களுக்குத் தெரிவதில்லை, உண்மையான முடிவு ஆளுங்கட்சியின் மூடிய அறையில் எடுக்கப்படுகிறது, கமிட்டி வெறும் நாடகம் என்றார்கள். இந்தக் குற்றச்சாட்டு முழுக்கப் பொய் இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறிய சபைகள் தவிர எல்லாமே கேபினட் முறைக்கு மாற வேண்டியதாயிற்று. கேபினட்டில் தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் 10 பேர். அதில் தனி ஒருவரே முடிவெடுக்கவும் வழி உண்டு. முழுக்க ஆளுங்கட்சியாகவே இருக்கலாம். மற்றவர்களுக்கு ஆய்வுக் குழு. கேள்வி கேட்கலாம், மறுபரிசீலனை செய்யச் சொல்லலாம், அவ்வளவுதான்.

மரம் வெட்டிய கதை

ஷெஃபீல்ட் சபையில் 84 கவுன்சிலர்கள். கேபினட்டில் 10 பேர் என்றால் 74 பேர் வெளியே. 74 வார்டு பிரதிநிதிகள் கேள்வி மட்டும் கேட்கலாம்!

2012இல் சபை ஒரு பெரிய ஒப்பந்தம் போட்டது. சாலை, நடைபாதை, தெருவிளக்கு, தெரு மரங்கள் எல்லாவற்றையும் 25 வருஷத்துக்குப் பராமரிக்க ஏமி என்ற கம்பெனியுடன் சுமார் 220 கோடி பவுண்டு ஒப்பந்தம். நகரில் சுமார் 36,000 தெரு மரங்கள். அதில் 17,500 மரங்களை அகற்றிப் புது மரம் நடுவது பற்றிய ஒரு எண் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. அப்படி ஒரு எண் இருப்பது மக்களுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

மரங்கள் விழ ஆரம்பித்தன. நல்ல மரம் ஏன் வெட்டுகிறீர்கள் என்று மக்கள் கேட்டார்கள். 2016 நவம்பர் 17ஆம் தேதி விடிவதற்கு முன்பே ரஸ்ட்லிங்ஸ் சாலையில் போலீஸோடு வந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிக் காரை நகர்த்தச் சொல்லி, மரங்களை வெட்டினார்கள். தடுத்ததற்காக எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள் கைதானார்கள். நாடு முழுக்கச் செய்தி ஆனது. போராட்டம் பெருகி, 2018 மார்ச்சில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. அதற்குள் 5,000க்கும் மேற்பட்ட மரங்கள் போயிருந்தன. பின்னாளில் விசாரணை நடத்திய சர் மார்க் லோகாக் 2023 மார்ச்சில் தந்த அறிக்கை, சபையின் தலைமையைக் கடுமையாக விமர்சித்தது. மக்களையும் நீதிமன்றத்தையும் சபை தவறாக வழிநடத்தியதாகச் சொன்னது. சபை மன்னிப்புக் கேட்டது.

மரத்துக்காகத் திரண்ட கோபம் அங்கேயே நிற்கவில்லை. "எங்கள் கவுன்சிலர் எங்கள் பக்கம் இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லையே, ஏன்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பதில் சட்டத்தில் இருந்தது. கிடைத்த வழியும் சட்டத்தில்தான். 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கமிட்டி முறைக்குத் திரும்பும் கதவைத் திறந்திருந்தது. வாக்காளர்களில் 5% பேர் கையெழுத்திட்டால் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். 20,000க்கும் அதிகமான கையெழுத்துகள் சேர்ந்தன. கோவிட் காரணமாக ஒரு வருஷம் தள்ளிப்போய், 2021 மே 6ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 65% பேர் கமிட்டி முறைக்கு வாக்களித்தார்கள். அதே நாள் தேர்தலில் லேபர் கட்சி சபையில் பெரும்பான்மையையும் இழந்தது. 2022 மே முதல் கமிட்டி முறை.

பெயர்ப் பட்டியலில்தான் சூட்சுமம்

புதிதாக வந்த கமிட்டிகளில் சிலவற்றைப் பாருங்கள்:

1. வியூகம் மற்றும் வளங்கள் (எல்லாவற்றையும் இணைப்பது, பெய்ன்ஸ் சொன்னதேதான்!)
2. கல்வி, குழந்தைகள், குடும்பங்கள்
3. பெரியவர்களின் உடல்நலம், சமூகப் பராமரிப்பு
4. வீட்டுவசதி
5. போக்குவரத்து, மறுவளர்ச்சி, காலநிலை
6. குப்பை, தெருப் பராமரிப்பு

இரண்டாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். 1970இல் ஒன்றாகச் சேர்த்த குழந்தைகளும் பெரியவர்களும் மறுபடி பிரிந்திருக்கிறார்கள். ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே தெருவைத்தான் தொடுகின்றன: தெருவைக் கூட்டுவது ஒரு குழு, அதில் பஸ் எப்படிப் போக வேண்டும் என்பது இன்னொரு குழு. எப்படிக் கோடு போட்டாலும் ஏதோ ஒன்று கோட்டின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் இணைக்க ஒரு குழு தேவைப்படுகிறது. அந்த இணைப்புக் குழு வலுத்துக்கொண்டே போனால் அது மறுபடி ஒரு குட்டி கேபினட்!

பிரிஸ்டல் நகரமும் 2022 மேயில் வாக்கெடுப்பு நடத்தி, நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் பதவியை ஒழித்து, 2024இல் கமிட்டிக்குப் போனது. ஆனால் கதை முடியவில்லை. 2025 ஜூலையில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அறிமுகமான அதிகாரப் பகிர்வு மசோதா, கமிட்டி முறையில் இருக்கும் சபைகளை மறுபடி கேபினட்டுக்கு மாற்ற முன்மொழிந்தது. ஊஞ்சல் நிற்பதே இல்லை.

நம்ம ஊரில்?

இந்த மரம் விதை போட்ட இடங்களில் நாமும் உண்டு. சென்னை மாநகராட்சி நூறு வருஷத்துக்கு மேல் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஓடியது. நிலைக்குழுக்கள் அந்த மரபில் வந்தவைதான். 2022இல் தேர்தல் முடிந்து புது மன்றம் வந்ததும் கணக்கு, கல்வி, பொது சுகாதாரம், நகரமைப்பு, வரிவிதிப்பு மற்றும் நிதி, பணிகள் என்று 6 நிலைக்குழுக்கள் அமைந்தன. கல்கத்தாவோ வேறு வழியில் போனது. அங்கே 1980ஆம் ஆண்டுச் சட்டம் மேயர்-இன்-கவுன்சில் என்ற கேபினட் முறையைக் கொண்டுவந்தது. லண்டன் யோசிப்பதற்கு இருபது வருஷம் முன்பே!

என் கருத்து

கமிட்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நியூகாசில் நகரத்தின் முன்னாள் தலைவர் டி. டான் ஸ்மித், கட்டடக் கலைஞர் பூல்சனின் லஞ்ச விவகாரத்தில் 1974இல் ஜெயிலுக்குப் போனார். அவர் கோலோச்சியது கமிட்டி முறையின் பொற்காலத்தில்தான். மோசமான ஆளுக்கு எந்த முறையிலும் வழி கிடைக்கும்.

ஆனால் எங்கள் பாடத்தில் கம்பெனிகளின் தணிக்கைக் குழு பற்றி ஒரு விதி வருகிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி அந்தக் குழுவில் சுயேச்சை இயக்குநர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். ஏன்? "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்க மேஜையில் ஒருவன் வேண்டும். முடிவெடுத்த பிறகு கேட்டால் அது போஸ்ட்மார்ட்டம். முடிவெடுக்கும் முன் கேட்டால்தான் வைத்தியம். 17,500 என்ற எண்ணை அப்படி ஒருவர் 2012லேயே கேட்டிருந்தால், மரங்கள் பிழைத்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மக்களுக்கு அந்த எண் அப்போதே தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

அதனால் ஒரு கமிட்டிப் பட்டியலைப் பார்த்தால் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். இந்த வேலைக்கு ஒரே ஒரு பொறுப்பாளி இருக்கிறாரா? மாற்றுக் கருத்துள்ளவருக்கு முடிவெடுக்கும் மேஜையில் நாற்காலி உண்டா? இரண்டு குழுக்களின் நடுவே விழுவதை யார் பிடிப்பார்கள்? முதல் கேள்விக்கு கேபினட் நல்ல பதில், இரண்டாவதற்குக் கமிட்டி நல்ல பதில். மூன்றாவதற்கு இரண்டுமே இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன.

உங்கள் வார்டு கவுன்சிலர் எந்த நிலைக்குழுவில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? அடுத்த முறை பார்த்தால் கேட்டு வையுங்கள். அங்கேதான் உங்கள் தெருவின் முடிவுகள் உட்கார்ந்திருக்கின்றன.