மெருகிட்ட மட்கலங்கள்: மூலமும் போலியும்

கலை வரலாற்றை எழுதுவோர் ‘மூலம்’, ‘போலி’ என்னும் இரு சொற்களை எளிதாகக் கையாள்வர். முதலிற் படைத்தவன் உயர்ந்தோன், பார்த்துச் செய்தவன் தாழ்ந்தோன் என்னும் தீர்ப்பு அவற்றுள் மறைந்து கிடக்கின்றது. மெருகிட்ட மட்கலங்களின் வரலாறு இத்தீர்ப்பினை மீண்டும் ஆராயத் தூண்டுகின்றது.

சுட்ட மண் நுண்துளைகள் உடையது, நீரை உறிஞ்சுவது. சிலிக்கா நிறைந்த மணற்பொடியை, அது உருகுதலை எளிதாக்கும் ஈயத்துடனோ தாவரச் சாம்பலுடனோ கலந்து பூசிச் சூளையிலிட்டால், அது உருகிக் கலத்தின்மேற் கண்ணாடிப் படலமாகப் படியும். இப்படலமே மெருகு எனப்படும். சாம்பல் கலந்த மெருகிற் செப்புச் சேர்ந்தால் நீலப்பச்சை நிறம் தோன்றும். மெசப்பொத்தேமியக் குயவர் இந்நுட்பத்தை இஸ்லாத்தின் தோற்றத்திற்கு முன்னரே நன்கறிந்திருந்தனர்.

கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில், அப்பாசிய கலீபாக்களின் ஆட்சியிலிருந்த ஈராக்கிற்குச் சீனாவின் வெண்ணிறக் கலங்கள் வந்து சேர்ந்தன. அவை வெண்களியாற் செய்து உயர் வெப்பத்திற் சுடப்பட்டவை. ஈராக்கியக் குயவருக்குக் கிடைத்ததோ மஞ்சள் சார்ந்த ஆற்று வண்டல். அது அத்துணை வெப்பத்தைத் தாங்காது. எனவே, களியிற் பெறமுடியாத வெண்மையைப் பஸ்ராக் குயவர் மெருகிற் பெற்றனர். மெருகுடன் கலந்த வெள்ளீய ஒட்சைட்டு, உருகிய கண்ணாடியில் நுண்துகள்களாக நின்று ஒளியைச் சிதறச் செய்யும். அதனால் மண்ணின் நிறம் மறைந்து வெண்மை தோன்றும். அவ்வெண்பரப்பிற் கோபால்ற்று நீலத்தாற் கோலங்களும் எழுத்துக்களும் தீட்டினர். வெள்ளி, செப்புச் சேர்மங்களைத் தீட்டி மீண்டும் சுட்டு, உலோகம் போன்ற ஒளியையும் வருவித்தனர். இவையிரண்டும் அவர்கள் கண்ட சீனக் கலங்களில் இல்லாதவை.

இக்கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதன்று. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே, பலகைகளைக் கயிற்றாற் தைத்துக் கட்டிய கப்பலொன்றின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்த ஏறத்தாழ 60,000 சீனக் கலங்களுள் ஒன்று கி.பி. 826ஆம் ஆண்டைக் குறிக்கின்றது. அவற்றுள் நீல ஓவியம் தீட்டிய வெண்தட்டுகள் மூன்று உள்ளன. மேற்காசியச் சுவைக்கு இணங்கச் சீனக் குயவர் இவற்றைச் செய்தனர் என ஆய்வாளர் பலர் கருதுவர். 14ஆம் நூற்றாண்டிற் சிங்தெசென் சூளைகளிற் பெருகி, சீனத்தின் அடையாளமாகவே மாறிய நீல வெண் பீங்கானும், தொடக்கத்தில் ஈரானியக் கோபால்ற்றைக் கொண்டே தீட்டப்பட்டது.

இவ்வணிகப் பாதையில் எமது மாந்தையும் நின்றது. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் முதலியோர் அங்கு நிகழ்த்திய அகழாய்வில், மேற்காசிய மெருகிட்ட கலங்களின் ஓடுகளும் சீனக் கலங்களின் ஓடுகளும் கிடைத்தன. போர்ச் சூழலால் இடைநின்ற அவ்வாய்வின் முடிவுகள் 2013இலேயே நூலுருப் பெற்றன. இரு திசைப் பொருள்களும் ஒரே துறையிற் சந்தித்தன என்பதற்கு அவ்வோடுகள் சான்றாகும்.

வெள்ளீய மெருகு ஸ்பெயின், இத்தாலி வழியாக ஒல்லாந்தை அடைந்தது. நெடுந்தீவிற்கு ஒல்லாந்தர் சூட்டிய பெயரால் நாம் அறிந்த டெல்வ்ற் நகரம் அதன் பெருநிலையமாயிற்று. 1644இல் மிங் வம்சம் வீழ்ந்தபின் சீனப் பீங்கானின் வரவு குறைய, அந்நகரக் குயவர் நீல வெண் கலங்களைப் பெருமளவில் ஆக்கினர். பஸ்ராவிற் பிறந்த மெருகின்மேல், பஸ்ராவும் முன்னரே கையாண்ட நீலத்தை, அவர்கள் சீனப் பாணி என எண்ணித் தீட்டினர். வெண்களியாலான உண்மைப் பீங்கானை ஐரோப்பியர் செய்யக் கற்றபின், 1710இல் மைசென் ஆலை தொடங்கிற்று.

இவ்வரலாற்றில் எவரை மூலவர் என்பது? எவரைப் போலியர் என்பது? பஸ்ராக் குயவனிடம் வெண்களி இருந்திருப்பின் வெள்ளீய மெருகுக்குத் தேவையே எழுந்திராது. இல்லாமை அவனைப் பார்த்துச் செய்யத் தூண்டியது. பார்த்துச் செய்ய முயன்றபோது அவன் புதியதொன்றைக் கண்டான். ‘போலி’ என்று பெயரிட்டு ஓர் ஓட்டினை ஒதுக்கும் ஆய்வாளன், அவ்வோட்டில் உறைந்துள்ள அறிவையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகின்றான்.

எமது மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. சீனர் ஆக்கிய கலத்தைத் தமிழர் ‘பீங்கான்’ என்கின்றனர். அச்சொல்லோ பாரசீகத்திலிருந்து வந்தது.