பீர் நீங்கலாக: அரிசிக் கள்ளும் ஒரு சட்ட வரையறையும்

1909ஆம் ஆண்டின் வங்காளக் கலால் சட்டம் இரண்டு பானங்களைத் தனித்தனியே வரையறுக்கிறது. ஒன்று பீர். ஏல், ஸ்டௌட், போர்ட்டர் ஆகியவற்றோடு, வழக்கமாக மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்து, ஆக்கப்படும் பிற நொதிபானங்களும் அதில் அடங்கும். மற்றொன்று ‘பச்வாய்’. நொதித்த அரிசி, சிறுதானியம் அல்லது வேறு தானியமும் அதிலிருந்து பெறப்படும் நீர்மமும் பச்வாய் எனப்படும். ஆனால் பீர் அதில் சேராது. இந்தக் கடைசி விலக்கு கூர்ந்து நோக்கத்தக்கது. இரண்டுமே தானியத்தை நொதிக்கவைத்துப் பெறுபவை. இரண்டையும் எரிசாராயம்போல் காய்ச்சி வடிப்பதில்லை. அப்படியிருந்தும் ஒரே வகைப் பானத்தை இரு பெயர்களாகப் பிரித்து, ஒன்றைப் பாசறைக்கும் கிளப்புக்கும், மற்றொன்றைச் சந்தைக்கும் குடிசைக்கும் உரியதாக்கியது அச்சட்டம்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், குருகிராமிலும் பெங்களூருவிலும் மைக்ரோ புரூவரிகள் பெருகின. அவற்றோடு ‘கிராஃப்ட் பீர்’ என்னும் சொல்லும், அதைச் சுவைத்து மதிப்பிடும் ஒரு மொழியும் வந்தன. ஹாப்ஸின் கசப்பு, மால்ட்டின் வறுமணம், நுரையின் நிலைப்பு, நிறத்தின் தெளிவு என்பன அம்மொழியின் அலகுகள். சிறு அளவில், உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு, ஆக்குபவரின் கைப்பக்குவம் தெரியும்படி செய்யப்படுவதே கிராஃப்ட் பீர் என்பர். இந்த இலக்கணத்துக்கு இந்தியாவில் மிகப் பழைய சான்றுகளாக இருப்பவை கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளின் அரிசிக் கள் வகைகள். ஆயினும் கிராஃப்ட் பீர் பட்டியல்களில் அவை அரிதாகவே இடம்பெறுகின்றன. கலங்கலாய், புளிப்பாய், நுரையின்றி இருப்பதை இறக்குமதியான அலகுகள் குறையாகவே பதிவுசெய்யும்.

சோட்டாநாக்பூரின் ஹண்டியா பெயர் பெற்றது ஹண்டி என்னும் மண்பானையால். புழுங்கலரிசிச் சோற்றைப் பாயில் பரப்பி ஆறவைத்து, ‘ரானு’ என்னும் மாத்திரை போன்ற உருண்டைகளைப் பொடித்துத் தூவிப் பிசைந்து, பானையில் மூடிவைப்பர். கோடையில் மூன்று நான்கு நாள்களில் பதம் வந்துவிடும், குளிர்காலத்தில் கூடுதலாகும். பிறகு நீர் விட்டு வடித்தால், இளம்புளிப்பும் உள்ளடங்கிய இனிப்பும் கொண்ட வெண்ணிறப் பானம் கிடைக்கும். பார்லி பீரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது முளைத்த தானியத்தின் நொதிகள். ஹண்டியாவில் அவ்வேலையை ரானுவில் வாழும் பூஞ்சைகள் செய்கின்றன. அதே பானையில் ஈஸ்ட்டும் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. ஆகவே சுவையின் ரகசியம் அரிசியில் பாதி, ரானுவில் பாதி. எந்த வேர், எந்தப் பட்டை, எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும்; பெரும்பாலும் பெண்கள் கைவழி கடத்தப்படும் அறிவு அது.

மிசிங் மக்களிடம் அபோங் இருவகை. வெள்ளை வகை ‘நோகின்’; உமியும் வைக்கோலும் எரிந்த சாம்பல் கலந்த கறுப்பு வகை ‘போரோ’. திமாசா மக்களின் ஜூதிமா, ஒட்டும் தன்மையுள்ள போரா அரிசியாலும் தெம்ப்ரா என்னும் செடியின் பட்டையாலும் ஆவது. இனிப்பு அதன் அடையாளம். தமிழுக்கும் இவ்வகை அயலன்று. சங்க நூல்கள் ‘தோப்பி’ என்பது நெல்லிலிருந்து வீட்டில் ஆக்கிய கள்ளையே. அரிசிக் களியை ஆற்றி, அடையைச் சேர்த்து அளைந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிடும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது.

நாகாலாந்தின் ஜுதோவோ மேற்கண்ட சட்டப் பிரிவினையையே குழப்புகிறது. அதற்குக் கூட்டாவது ரானு அல்ல, முளைகட்டி உலர்த்தி இடித்த நெல், அதாவது மால்ட். ஏறக்குறைய 5 விழுக்காடு சாராயமும் பழவாசனையும் கொண்ட அப்பானம், சட்டம் கூறிய இலக்கணத்தின்படியே பார்த்தால் பீரின் பக்கம்தான் சாய்கிறது. சட்டம் எழுதியவர் மனத்தில் முளைத்த நெல் தோன்றியிருக்காது போலும்.

சட்டம் தாழ்த்தியதை மிஷன் விலக்கியது. 1872 முதல் நாகா மலையில் பணியாற்றிய அமெரிக்க பாப்டிஸ்டு மிஷன், மதம் மாறியோர் அரிசிக் கள்ளைக் கைவிட வேண்டும் என வலியுறுத்தியது. ஆவோ நாகர் பற்றி 1926இல் நூல் வெளியிட்ட ஜே. பி. மில்ஸ் இத்தடையைக் கண்டித்தார். காலனிய அதிகாரி ஒருவர் மிஷனைக் கண்டிப்பதில் அவரவர் நலன் கலந்திருக்கும் என்பதையும் மறந்துவிடலாகாது. நாகாலாந்தின் முழு மதுவிலக்குச் சட்டம் 1989இல் வந்தது. அச்சட்டம் நிலவும் மண்ணிலேயே, ஹார்ன்பில் விழாவில் அரிசிக் கள் மூங்கில் குவளைகளில் பண்பாட்டு அடையாளமாக வழங்கப்படுகிறது.

ஆயினும் விலக்கு முழுவதும் வெளியிலிருந்து வந்ததெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1887இல் அச்சான சந்தால் மரபுரைத் தொகுப்பில், முதல் மனிதர்களான பில்சு ஹாடாமுக்கும் பில்சு பூடிக்கும் அரிசிக் கள் ஆக்கக் கற்றுத்தருபவன் தெய்வமாகிய லிட்டாவே. முதல் வார்ப்பு தெய்வத்துக்கு, எஞ்சியதே மனிதருக்கு. அதே நிலப்பகுதியில்தான் 1890களில் பிர்சா முண்டா தம்மைப் பின்பற்றியோரிடம் குடியைத் துறக்கச் சொன்னார். 1914இல் ஜத்ரா உராவ்ன் தொடங்கிய தானா பகத் இயக்கமும் அதையே கேட்டது. நிலத்தை இழந்து கடனில் வீழ்ந்த மக்களிடம், தங்களைத் தாங்களே ஆளும் முயற்சியாக எழுந்த துறவு அது. மிஷனின் கட்டளையையும் இதையும் ஒரே ‘மதுவிலக்கு’ என்னும் தலைப்பில் அடக்கும் ஆய்வுகள் முக்கியமான ஒன்றைத் தவறவிடுகின்றன.

இன்றைய நிலையில் இம்முரண் பெண்கள்மீது வந்து நிற்கிறது. ஜூதிமா 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. 2024இல் போடோ மக்களின் மூன்று பானங்கள் அதைப் பெற்றன. ஜார்க்கண்டிலோ வாரச் சந்தை மரத்தடிகளில் ஹண்டியாவைச் சால் இலைத் தொன்னையில் விற்கும் பெண்களை அத்தொழிலிலிருந்து வேறு தொழிலுக்கு மாற்ற, 2020இல் ஒரு திட்டம் தொடங்கியது. வட்டியில்லாக் கடனும் உண்டு. 1855 ஹூல் எழுச்சியின் சகோதரிகளான பூலோ, ஜானோ பெயரில் அத்திட்டம் வழங்குகிறது. வறுமையே பலரைச் சந்தையோரத்தில் அமர்த்தியது என்பதால் அத்திட்டத்தை எளிதில் பழித்துவிட முடியாது. ஆனால் அப்பெண்களின் கையிலுள்ள ரானு அறிவைத் திறனாக எண்ணி, உரிமம் தந்து, உரிய விலை கிடைக்கச் செய்யும் மற்றொரு வழி இருப்பதாகக்கூட அத்திட்டம் கருதவில்லை. அம்மாநிலத்தின் கலால் சட்டம், 1915ஆம் ஆண்டின் பீகார், ஒரிசா சட்டத்தின் வழிவந்தது. பச்வாய் என்ற சொல் அதிலும் உண்டு.