மறதியும் நடுக்கமும் சேர்ந்த இடம்

வயதானவருக்கு மறதி என்றால் அல்சைமர், கை நடுங்கி நடை தளர்ந்தால் பார்கின்சன். வெகுகாலம் இப்படித்தான் கூறு பிரித்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தே வந்து, இல்லாத மனிதர்களையும் கண்முன் நிறுத்துகிற லூயி பாடி டிமென்ஷியாவுக்கு இரண்டு பக்கமும் இடமில்லாமல் இருந்தது.

பார்கின்சன் நோயாளிகளின் நரம்புச் செல்லுக்குள் சிறு உருண்டைகள் இருப்பதை ஃபிரெடெரிக் லூயி 1912இல் எழுதினார். மறதி முற்றி இறந்த ஒரு பெண்ணின் மூளைப் புறணியிலும் அதே உருண்டைகளை ஜப்பானின் கென்ஜி கொசாகா 1976இல் காட்டினார். புறணியில் அவற்றைக் கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல. நடுமூளையில் உருண்டையைச் சுற்றி வெளிர் வளையம் பளிச்சென்று தெரியும். புறணியில் வளையம் இருக்காது. வழக்கமான சாயத்தில் மங்கிய இளஞ்சிவப்பாகச் செல்லோடு கலந்து கிடக்கும். அசாத்தியப் பொறுமை வேண்டும்.

அந்த உருண்டைகள் எதனால் ஆனவை என்பதற்குத் துப்பு கிடைத்தது ஒரு குடும்பத்திடமிருந்து. தெற்கு இத்தாலியின் கோன்டுர்சி ஊரைப் பூர்விகமாகக் கொண்ட அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பார்கின்சன். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. லாரன்ஸ் கோல்பும் ரோஜர் டுவாய்சினும் அமெரிக்காவிலிருந்தபடி அந்த வம்சாவளியைத் தொகுத்தார்கள். 1997இல் மிஹாலிஸ் பாலிமெரோபூலோஸ் குழு, 4ஆம் குரோமோசோமில், ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதத்துக்கான மரபணுவில் பிழையைக் கண்டது. 140 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது.

அதே ஆண்டு மரியா கிராசியா ஸ்பில்லன்டீனியும் மிஷெல் கோடர்ட்டும் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை மூளைச் சீவல்களில் இட்டுப் பார்த்தார்கள். பரம்பரைப் பிழை இல்லாதவர்களிடமும் உருண்டைகள் நிறமேறித் தெரிந்தன. நடுக்கக்காரர் மூளையிலும் மறதிக்காரர் மூளையிலும் ஒரே புரதம்!

2003இல் வந்த செய்தி இன்னும் வியப்பு. அமெரிக்காவின் அயோவா குடும்பமொன்றில் மரபணுவில் எழுத்துப்பிழையே இல்லை; இரண்டு பிரதிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன. புரதம் மிகுந்ததே நடுக்கத்தையும் மறதியையும் கொண்டுவரப் போதுமானதாயிற்று.

இத்தகைய நேரடிப் பரம்பரை அபூர்வம். முதியோர் பலரிடம் ஜிபிஏ, ஏபிஓஇ போன்ற மரபணுக்களின் சில வகைகள் ஆபத்தைக் கூட்டுகின்றன, அவ்வளவே. ஆனால் வீட்டில் உள்ளவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்யலாம்: மறதியோடு, நடை சுருங்கியதையும் இல்லாத ஆளிடம் பேசியதையும் மருத்துவரிடம் சேர்த்தே சொல்வது. அது தெரியாமல், மாயத்தோற்றத்தை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்துவிட்டால், இந்த நோயாளிகளில் பலருக்கு உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.